இரண்டு போத்தல் வட்டைச் சேறு

எங்கள் ஊரில் ஒரு கேள்வியைக் கொல்ல வேண்டுமானால் அதைப் பட்டிமன்றத்துக்குத் தலைப்பாக்கிவிட்டால் போதும். கல்வியா செல்வமா, பெற்றோரா ஆசிரியரா என்று எத்தனையோ கேள்விகள் அப்படித்தான் ஒலிபெருக்கிக்கு முன்னால் செத்தன. சில வருடங்களுக்கு முன் வந்த வைகாசிச் சடங்குத் திருவிழாவில், உலகத்து விஞ்ஞானிகள் இன்னும் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிற ஒரு கேள்வியையும் அம்மன் கோயில் வீதிக்கு இழுத்து வந்தார்கள். 'உயிர் தோன்றியது இறையருளாலா, இரசாயனத்தாலா?' குருக்கள்மடத்துக்கும் தேற்றாத்தீவுக்கும் போகிற சனம் எல்லாம் வாசிக்கட்டும் என்று பிரதான வீதியில் பதாகை வேறு.

இறையருள் அணிக்குத் தலைவர் ஓய்வுபெற்ற அதிபர். ஊர் வாசிகசாலைக்கும் அவர்தான் தலைவர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்திலிருந்துதான், அதிகாரத்திலிருந்து அல்ல. பேசத் தொடங்குமுன் மூன்று முறை செருமுவார். மூன்றாவது செருமலுக்குப் பிறகு வருவது வேதவாக்கு என்று அவரும் நம்பினார், சபையும் நம்பியது. அவரிடம் ஒரே ஒரு வாதம் இருந்தது. கச்சான் என்கிற வறண்ட மேல்காற்றில் வெடித்துக் கிடக்கிற, வாவிக்கு அப்பால் படுவான்கரையின் வயல் வட்டையில், முதல் மழை பெய்த மறுநாளே மீன் துள்ளுகிறதே, அதை விட்டது யார்? கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் இதைக் கேட்டுக் கேட்டே அவர் அறிஞராகிவிட்டார். அந்தச் சேற்றைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, கேட்டவர்களுக்கும் தோன்றவில்லை.

இரசாயன அணிக்குத் தலைவர் ஒரு ரியூசன் மாஸ்ரர். மின்கம்பங்களில் ஒட்டிய விளம்பரங்களில் கை கட்டிக்கொண்டு சிரிக்கிற அந்த முகம் இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். ஆய்வுகூடத்தில் உயிரையே செய்துவிட்டார்கள், இனிக் கடவுளுக்கு வேலையில்லை என்று அவர் பேசப் போவதாகச் சொன்னார். நான் அந்த அணியில் மூன்றாவது பேச்சாளர். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு நாக்கு நீளம் என்பது அப்போது அவர்களுக்கு மறந்துவிட்டது போலும்.

"உயிரை ஒருவரும் செய்யல்ல மாஸ்ரர்" என்றேன். "உயிருக்கு வேண்டிய செங்கல்லுகள் சிலதைத்தான் செய்திருக்காங்க. செங்கல் தானாச் சேர்ந்து வீடாகி, அந்த வீடு குட்டி போட்ட கதையை இன்னும் ஒருத்தராலும் முழுசாச் சொல்ல ஏலாம இரிக்கி."

"அதெல்லாம் மேடையில சொல்லத் தேவையில்ல ரீச்சர். சனம் குழம்பிரும்."

சனம் குழம்பிவிடும் என்கிறவர்களைப் போல எனக்கு எரிச்சல் தருகிறவர்கள் இல்லை. முதலில் தோன்றியது தன்னைத் தானே பிரதி எடுக்கிற மூலக்கூறா, அல்லது தீனி எடுத்துக் கழிவு விடுகிற ஒரு இரசாயனச் சுழற்சியா என்பதில் விஞ்ஞானிகளே இரண்டு கட்சி. ஆழ்கடலின் வெந்நீர் வாய்களில் தொடங்கியது என்கிறார் ஒருவர். மாறி மாறிக் காய்ந்து நனைகிற குட்டைகளின் ஓரத்தில் என்கிறார் இன்னொருவர். இரண்டாவது கட்சிக்காரரை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வாவியின் கரைதான் கண்ணில் வரும். ஆவணியில் உப்புப் பூத்து வெடிக்கிற அதே சேறு, மார்கழியில் வெள்ளத்துக்குள் கிடக்கிறது. அப்படி ஏதோ ஒரு சேறு, கணக்குக்கு எட்டாத காலம் காய்ந்து நனைந்து, ஒரு நாள் சும்மா கிடக்கும் பழக்கத்தை விட்டுவிட்டது. எப்படி என்று எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தெரியாது என்ற சொல்லை மேடையில் சொல்லத்தான் நான் ஒத்துக்கொண்டேன்.

அதற்கு முன் அதிபரின் மீனைத் தீர்த்துவிட வேண்டியிருந்தது. எங்கள் வயல் படுவான்கரையில் இருக்கிறது. அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த அந்த வட்டையிலிருந்து ஒரு பை மண் அள்ளி வந்தேன். வாயகன்ற இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் சம அளவு மண் போட்டு, கொதித்து ஆறிய நீர் விட்டேன். ஒன்றை அப்படியே விட்டேன். மற்றதைப் பெரிய அலுமினியப் பானைக்குள் இறக்கி, மூன்று நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம், மண்ணோடு சேர்த்து அவித்தேன். இரண்டுக்கும் வாயில் பஞ்சு அடைத்து, அவித்தது எது, அவியாதது எது என்று எழுதி ஒட்டினேன். அவியாத சேற்றில் கிடக்கிற முட்டைகள் பொரித்து, கண்ணுக்குத் தெரிகிற சின்னச் சின்ன நீர்ப்பூச்சிகள் ஓடித்திரியும். அவித்ததில் ஒன்றும் வராது. மழை உயிரைக் கொண்டுவருவதில்லை, சேற்றுக்குள் ஏற்கெனவே கிடக்கிற உயிரைத்தான் எழுப்புகிறது என்று சபையே பார்த்துக்கொள்ளும்.

மாஸ்ரருக்கு இது பிடிக்கவில்லை.

"உயிர்ல இருந்துதான் உயிர் வருமெண்டு நீங்களே காட்டினா, தீர்ப்பு அவங்கட பக்கம் சாஞ்சிருமே."

"இண்டைக்கு அப்படித்தான் வருது. அது உண்மை. முதல் தடவை எப்படி வந்ததெண்டது வேற கேள்வி."

"உண்மைக்கு எத்தினை புள்ளி ரீச்சர்?" என்று கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை.

அதிபரோ, களவு நடக்கக் கூடாது என்று போத்தல்களை வாசிகசாலை மண்டபத்தில் எல்லாரும் காணும்படி வைக்கச் சொன்னார். சடங்குக்காக அங்கே ஒரு மேசையில் வெள்ளை விரித்து, மாவிலையும் தேங்காயும் வைத்த நிறைகுடம் வைத்திருந்தார்கள். அதே மேசையில் குடத்துக்குப் பக்கத்தில் என் சேறும் இரண்டு கிழமை இருந்தது.

அந்த மண்டபத்தைக் கூட்டித் துடைத்து, பத்திரிகைகளை அடுக்கி, பின்னேரம் பூட்டுகிறவள் ஒரு பெண். வயது நாற்பது இருக்கும். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகம். அந்த வருடம்தான் அவளை நிரந்தரமாக்கும் பட்டியலில் பெயர் வந்திருந்தது. அதற்கு வாசிகசாலைத் தலைவரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். தலைவர் என்றால் நம்முடைய அதிபர்தான். ஒரு பக்கக் கடிதம் அது. 'சடங்கு முடியட்டும் பார்ப்பம்' என்று அவளை ஒரு மாதமாக அலைய விட்டிருந்தார். அந்தக் கடிதம் கிடைக்காவிட்டால் அந்தப் பட்டியல் போய்விடும், அடுத்த பட்டியல் வரும்போது அவளுக்கு வயது கடந்திருக்கும். இதை ஊரில் தெரியாதவர் இல்லை.

நான் போத்தல் பார்க்கப் போகும்போதெல்லாம் அவள் துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நிற்பாள்.

"ரீச்சர், இந்தப் போத்தலுக்குள்ள பொட்டுப் பொட்டாப் பூச்சி ஓடுது. முந்தாநாள் நாலு. இண்டைக்கு எண்ண ஏலா. மத்ததுக்குள்ள ஒண்டையும் காணல்ல. ஏன் ரீச்சர்?"

"அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். விளங்கப்படுத்தினால் அவளுக்கு எங்கே விளங்கப் போகிறது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். தொடாதே என்று கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஞ்சு அடைத்த போத்தலை யார் தொடுவார் என்ற எண்ணம்.

கடைசி மூன்று நாள் அந்தப் பக்கம் போகாமல் விட்டு, பட்டிமன்றத்தன்று பின்னேரம் நாலு மணிக்கு மண்டபத்துக்குப் போனேன். அவித்த போத்தலைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே பூச்சிகள் ஓடித்திரிந்தன. ஒன்று இரண்டல்ல. பிறகுதான் நீர்மட்டத்தைக் கவனித்தேன். மூன்று நாள் அவித்ததில் அந்தப் போத்தலில் நீர் நாலு விரல் குறைந்திருந்தது. இப்போது இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"இதை யாரு திறந்த?" என்று கேட்டேன்.

"நான்தான் ரீச்சர்" என்றாள் அவள், நல்ல காரியம் செய்த முகத்தோடு. "சடங்கு நேரம் குடத்துக்குப் பக்கத்தில குறையா ஒண்டு இருக்கப்படாதே. மத்தப் போத்தல்ல கூட இருந்திச்சு. அதில கொஞ்சம் இதுக்க ஊத்தி ரெண்டையும் சமமாக்கின. பஞ்சை முந்தி இருந்த மாதிரியே அடைச்சும் விட்டன்."

எங்கள் பகுதிச் சனத்துக்கு இது இரத்தத்தில் ஊறியது. அம்மாளுக்கு முன்னால் வைத்த பாத்திரம் குறைந்து நிற்கக் கூடாது. குறைந்திருந்தால் யாராவது ஒருவர் வாய் திறக்காமல் நிரப்பிவிட்டுப் போவார்கள். அது குடமா, பரிசோதனையா என்று கேட்பதில்லை. இரண்டு கிழமை உழைப்பை ஒரு சிரட்டைத் தண்ணீரில் முடித்துவிட்டிருந்தாள்.

நான் போட்ட சத்தத்தில் அவள் முகம் செத்துவிட்டது. என்ன பிழை என்று அவளுக்கு விளங்கவில்லை. பிழை என்பது மட்டும் விளங்கியது.

"ஐயாட்டச் சொல்லிராதீங்க ரீச்சர். கடிதம் தாறெண்டு இரிக்காரு. இதைக் கேள்விப்பட்டா தரமாட்டாரு."

போத்தலை அப்போதே வாவியில் வீசியிருக்கலாம். அதற்குள் மேடைக்குச் சாமான் ஏற்றுகிறவர்கள் வந்து மேசையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பட்டிமன்றம் எப்படி நடந்தது என்று எழுதவே அருவருப்பாக இருக்கிறது. நடுவர் பட்டணத்திலிருந்து வந்தவர். சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்து, வராத இடத்திலும் சிரித்தார். மாஸ்ரர், கடதாசியில் எழுதி வந்த சமன்பாடுகளை மந்திரம் போல ஓதினார். ஒரு வரி தவறிப் போய்த் திரும்பவும் முதலிலிருந்து ஓதினார். கைதட்டல். அதிபர் மூன்று முறை செருமி, மீனை விட்டார். அதற்கு இன்னும் பெரிய கைதட்டல். பிறகு அவர் தன் தொலைபேசியின் வெளிச்சத்தைப் போத்தல்களில் அடித்துப் பார்த்தார். பார்த்தவர் ஒலிவாங்கிக்குத் திரும்பியபோது அவருக்குக் குரலே மாறிவிட்டது.

"சபையோரே, இது ரீச்சர் மூன்று நாள் அவித்த மண். அவர்களே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அவித்த மண்ணுக்குள் உயிர் ஓடுகிறது. அம்மாளின் சந்நிதியில் இரண்டு கிழமை இருந்த மண். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?"

பெண்கள் பக்கத்திலிருந்து குரவை எழுந்தது. நான் மாஸ்ரரைப் பார்த்தேன். இரசாயனம் படித்த மனிதர், இது நடக்காத காரியம் என்று சொல்லுவார் என்று ஒரு கணம் நம்பினேன். அவர் பாய்ந்து எழும்பி, "சடத்திலிருந்து உயிர் வந்துவிட்டது, எங்கள் கட்சி வென்றுவிட்டது" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். அதே ஆட்கள், அதே கைகள்.

இரண்டு பக்கமும் ஒரே போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வென்றுவிட்டது. நானூறு கோடி வருடக் கேள்விக்கு எங்கள் ஊர் கால் மணித்தியாலத்தில் இரண்டு விடை கண்டுபிடித்தது. இரண்டும் பொய். என் முறை வந்து நான் எழும்பினேன். போத்தலில் நடந்தது என்ன என்று சொல்ல ஒரு வசனம் போதும். நான் வாயைத் திறக்குமுன் அதிபர் முந்திக்கொண்டார். எனக்கு வழியை அடைத்துவிட வேண்டும் என்று நினைத்திருப்பார்.

"போத்தல யாரும் தொட்டதெண்டு ரீச்சர் சொல்லப் போறாவோ தெரியா. மண்டபத்தைப் பூட்டித் திறக்கிற திறப்பு ஒரே ஒரு ஆளிட்டத்தான் இரிக்கி. அந்த ஆள் கை வச்சிருந்தா இப்பவே சொல்லுங்க. இண்டையோட நிப்பாட்டிப்போடுவன்."

சனம் திரும்பிப் பார்த்தது. அவள் மேடை ஓரத்தில், பேச்சாளர்களுக்குக் கொடுக்கத் தேநீர்த் தட்டோடு நின்றாள். கோப்பைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

நான் இரக்கசாலி அல்ல. அந்த நேரத்தில் கூட எனக்கு அவள்மீது கோபம்தான் இருந்தது. ஆனால் அந்த மேடையில் இருந்தவர்கள்மீது இருந்தது கோபத்தைவிடக் கீழான ஒன்று. இவர்களுக்கு உண்மையைக் கொடுத்தால் என்ன செய்யப் போகிறார்கள்? அடுத்த சடங்குக்கு அதையும் தலைப்பாக்குவார்கள். அதற்காக ஒருத்தியின் பன்னிரண்டு வருடத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"யாரும் தொடவில்லை" என்றேன். "பிழை என்னுடையது. நான் மண்ணைச் சரியாக அவிக்கவில்லை. இந்தப் போத்தலை வைத்து ஒருவரும் ஒன்றும் சொல்ல ஏலாது."

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். சபை சிரித்தது. தெரியாது என்ற சொல்லைச் சொல்ல வந்தவள், அதைச் சொல்லாமலே இறங்கினேன். நடுவர் இரண்டு அணியும் வென்றதாகத் தீர்ப்புச் சொல்லி, இரண்டு தலைவர்களுக்கும் பொன்னாடை போர்த்தினார். அதிபர் என்னிடம் வந்து, "பெருந்தன்மையா ஒத்துக்கொண்டீங்க" என்றார். அவருக்கு நான் அன்று பதில் சொல்லாமல் விட்டது என் வாழ்நாளின் பெரிய அடக்கம்.

அதன் பிறகு ஊரில் எனக்கு அவிக்காத ரீச்சர் என்று பெயர். சந்தையில் மீன் வாங்கினால், "நல்லா அவிச்சுத் தின்னுங்க ரீச்சர்" என்று மீன்காரனே சொன்னான். இருபத்துமூன்று வருடம் இந்தக் கரையின் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பித்ததற்குக் கிடைத்த பட்டம் அது. அவித்த மண்ணில் அம்மாள் உயிர் கொடுத்தாள் என்று பாதி ஊர் நம்பியது. மறுபாதி, ரீச்சருக்கு அடுப்பு எரிக்கத் தெரியாது என்று நம்பியது.

இரண்டு கிழமை கழிந்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு நீலக் கடித உறை. அதிபர் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கதிரையில் இருக்கச் சொன்னேன். நுனியில் இருந்தாள்.

"நல்லம்தானே. பிறகு ஏன் முகம் இப்படி இரிக்கி?"

"ரீச்சர், நான் ஒண்டு யோசிச்சன். ராவெல்லாம் அதுதான் மண்டைக்குள்ள." உறையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நீங்க அவிச்ச போத்தலுக்க பத்து நாளா ஒண்டும் வரல்ல. நான் ஒவ்வொரு நாளும் பார்த்த. நான் தண்ணி ஊத்தின மறுநாள்தான் முதல் பூச்சியைக் கண்ட. அதுவும் மத்தப் போத்தலுக்க ஓடின அதே பூச்சிதான், அதே மாதிரி ஓட்டம். நான் கிணத்துத் தண்ணி ஊத்தல்ல. அந்தப் போத்தல்ல இருந்துதானே அள்ளி ஊத்தின. அப்ப அந்தப் பூச்சி மண்ணுக்க இருந்து வரல்ல. என்ர கையாலதானே அங்க போயிருக்கும்?"

படிப்பித்துக் கொடுக்காமல், புத்தகம் பார்க்காமல், நாள் தவறாமல் பார்த்து, பார்த்ததைக் கோத்து, இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த ஒரு பிள்ளை என் வகுப்பில் இருந்ததில்லை. எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஏன் ரீச்சர் என்று அவள் கேட்டபோதெல்லாம் துடைப்பத்தைக் காட்டாத குறையாக விரட்டியவள் நான்.

"அப்படியெண்டா நீங்க மேடையில எனக்காகப் பொய் சொல்லியிரிக்கீங்க" என்றாள். "அம்மாளுக்கு முன்னால பொய்யில வாங்கின கடிதம் எனக்கு ஒட்டாது ரீச்சர். ஐயாட்டப் போய் நடந்ததைச் சொல்லிப்போட்டு வருவம் எண்டு நினைக்கன்."

அவள் போவாள். அந்த முகம் போகிற முகம்தான். அதிபர் அந்தக் கடிதத்தை அவள் கண்ணுக்கு முன்னாலேயே கிழிப்பார், மூன்று முறை செருமிவிட்டு.

"இஞ்ச பார் புள்ள" என்றேன், வகுப்பில் பேசுகிற குரலில். "நீ நினைக்கிறது பிழை. சில முட்டை கொதி தண்ணிக்கும் சாகாது. கன நாள் கிடந்து, பிறகுதான் பொரிக்கும். நீ தண்ணி ஊத்தினதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான்தான் சரியா அவிக்கல்ல. உனக்கு இதெல்லாம் விளங்காது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தத் தோள்கள் இறங்கின.

"அதானே. படிக்காத எனக்கு என்ன தெரியும்? விசர் மாதிரி என்னவோ யோசிச்சிரிக்கன்" என்று சொல்லிச் சிரித்தாள். உறையைச் சேலைத் தலைப்பால் சுற்றிக்கொண்டு எழும்பி, "வாறன் ரீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் நிரந்தரமாகிவிட்டாள். இப்போதும் அந்த மண்டபத்தைக் கூட்டுகிறாள். என்னைக் கண்டால் சிரிப்பாள், ஆனால் பிறகு ஒருநாளும் என்னிடம் ஏன் ரீச்சர் என்று கேட்டதில்லை. அந்தப் பட்டிமன்றத்தில் சரியான விடையைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். அவளுக்கு நான் பிழை போட்டு அனுப்பினேன்.